அடுத்த பெட்டி எப்போது?

ஜெயித்துக்கொண்டிருக்கும் வீடியோ கேம் இயந்திரத்துக்கு வாரிசு கொண்டுவருவது கத்தி மேல் நடக்கும் வேலை. அவசரப்பட்டு அழிந்த கம்பெனியும் உண்டு; அசந்துபோய் விழுந்த கம்பெனியும் உண்டு.

1995 மே 11. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வீடியோ கேம் தொழிலின் புதிய கண்காட்சியான இ3 முதல்முறையாகக் கூடியிருந்தது. ஜப்பானின் சேகா கம்பெனியின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையேறி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். செப்டம்பர் 2-ம் தேதி வரும் என்று சொல்லப்பட்டிருந்த சாட்டர்ன் என்ற புதிய கேம் பெட்டி அன்றே கடைகளுக்கு வந்துவிட்டது. விலை 399 டாலர். அடுத்து சோனியின் முறை. பிளேஸ்டேஷன் பற்றிப் பேச அழைக்கப்பட்ட ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து, "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது.

அந்த 100 டாலர் வித்தியாசத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஆனால் சேகாவைச் சாய்த்ததில் விலைக்கு இருந்த பங்கு தேதிக்கும் இருந்தது. ஜெனிசிஸ் என்ற அதன் பழைய பெட்டி அமெரிக்கக் கடைகளில் அப்போதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற குதிரையை நிறுத்திவிட்டு, சேணம் பூட்டாத குதிரையில் ஏறியது சேகா. ஆறாண்டு முடிவதற்குள், 2001 ஜனவரியில், கேம் இயந்திரத் தயாரிப்பையே கைவிடுவதாக அறிவித்தது.

தோற்றுப்போன பெட்டிக்கு வாரிசு தேடுவது சுலபம். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது. ஜெயித்த பெட்டிக்கு வாரிசு தேடுவதுதான் சிரமம். முந்தினால் கையிலிருக்கும் லாபம் போகும். பிந்தினால் வாடிக்கையாளரே போய்விடுவார். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் அந்தக் குறுகிய காலத்தைப் பிடிக்கத் தெரிந்தவர்கள்தான் கடந்த 40 ஆண்டுகளில் இந்தத் தொழிலில் நிலைத்திருக்கிறார்கள்.

ரேசரும் பிளேடும்

இந்த வியாபாரத்தின் கணக்கே தனி. புதிய பெட்டி வெளிவரும்போது பெரும்பாலும் அடக்க விலைக்கு அருகிலோ, அதற்குக் கீழேயோதான் விற்கப்படுகிறது. காசு கேம்களில் இருக்கிறது. வெளிக் கம்பெனி தயாரித்த ஒவ்வொரு கேம் விற்கும்போதும் பெட்டிக்காரருக்கு ஒரு பங்கு போய்ச் சேரும். ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கும் அதே வித்தை.

ஆகவே முதலிரண்டு ஆண்டுகள் விதைப்புக் காலம். பெட்டி வாங்கியவர்கள் குறைவு. அதனால் அதற்கு கேம் தயாரிக்க ஆள் குறைவு. கேம் இல்லாததால் வாங்குகிறவர்கள் இன்னும் யோசிப்பார்கள். இதைத் தாண்டி மூன்றாம், நான்காம் ஆண்டுக்கு வந்துவிட்டால் அறுவடை. சில்லுகள் மலிவாகியிருக்கும், பெட்டியின் விலையைக் குறைக்கலாம், வீடு வீடாகப் பெட்டி நுழைந்திருக்கும், கேம்கள் லட்சக்கணக்கில் விற்கும்.

விதைப்பு எவ்வளவு செலவானது என்பதற்கு சோனியே சாட்சி. பிளேஸ்டேஷன் 3 வெளிவந்த 2006-07 நிதியாண்டில் அதன் கேம் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டம் காட்டியது. அறுவடை நடக்கும்போதே அடுத்த உழவுக்கு மாடு பூட்ட எந்த முதலாளிக்கும் மனம் வராது. ஆனால் வயல் காய்ந்த பிறகு பூட்டினால் ஒரு போகமே போய்விடும்.

டோக்கியோவின் கடிகாரம்

சேகாவின் கதையில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஜப்பானைப் பொறுத்தவரை அதன் தேதி சரியானது. மெகா டிரைவ் என்ற பெயரில் 1988-ல் வெளிவந்த அதன் 16-பிட் பெட்டி சொந்த நாட்டில் பெரிதாக எடுபடவில்லை. 1994 நவம்பர் 22-ல் அங்கே சாட்டர்ன் வந்தது. பதினோரு நாள் கழித்துத்தான் பிளேஸ்டேஷன் வந்தது. ஆரம்பத்தில் சாட்டர்ன் அங்கே நன்றாகவே விற்றது.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அதே பெட்டி அங்கே ஜெனிசிஸ் என்ற பெயரில், சோனிக் என்ற நீல முள்ளெலியின் தயவில், நின்டெண்டோவின் ஏகபோகத்தையே உடைத்திருந்தது. 1995-லும் அமெரிக்கச் சந்தையின் பெரும்பங்கு 16-பிட் பெட்டிகளிடம்தான் இருந்தது. ஆனால் சேகாவின் தலைவர் ஹயாவோ நகயாமா பார்த்தது டோக்கியோவின் கடிகாரத்தை. சோனியை முந்த வேண்டும் என்று தேதியை முன்னுக்கு இழுத்தது தலைமையகம். கலின்ஸ்கிக்கு அதில் உடன்பாடில்லை. மேடையில் அறிவித்தவர் மட்டும் அவர்தான்.

விளைவுகள் வரிசையாக வந்தன. கையிருப்பு குறைவாக இருந்ததால் நான்கு கடைத் தொடர்களுக்கு மட்டுமே சாட்டர்ன் அனுப்பப்பட்டது. விடுபட்ட கேபி டாய்ஸ் கோபத்தில் சேகாவின் பொருள்களையே விற்பதில்லை என்று முடிவெடுத்தது. செப்டம்பரைக் குறிவைத்து வேலை செய்துகொண்டிருந்த வெளிக் கம்பெனிகளின் கேம்கள் தயாராகவில்லை. எல்லோரையும்விட அதிகம் ஏமாந்தவர்கள் வாடிக்கையாளர்கள். ஆறே மாதத்துக்கு முன், 1994 நவம்பரில்தான், ஜெனிசிஸ் மீது மாட்டிக்கொள்ளும் 32எக்ஸ் என்ற கருவியை 159 டாலருக்கு அவர்கள் தலையில் கட்டியிருந்தது சேகா. அதை வாங்கிய பெற்றோரிடம் இப்போது இன்னொரு 399 டாலர் கேட்டது.

எதிர்முகாமில் நின்டெண்டோ அவசரமே காட்டவில்லை. அதே 1994 நவம்பரில் தன் பழைய 16-பிட் பெட்டிக்கு டாங்கி காங் கன்ட்ரி என்ற புதிய கேமை இறக்கியது. 90 லட்சத்துக்கு மேல் விற்றது அது. வயதான பெட்டிக்கு ஒரு நல்ல கேம் போதும், மேலும் இரண்டு ஆண்டு ஓடும் என்பதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

சேகா சூடுபட்ட பிறகும் பாடம் படிக்கவில்லை. 1997-ல் அதன் அமெரிக்கப் பொறுப்பாளர் பெர்னி ஸ்டோலர், சாட்டர்ன் தங்கள் எதிர்காலமல்ல என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அடுத்த பெட்டியான டிரீம்காஸ்ட் அமெரிக்காவுக்கு வந்தது 1999 செப்டம்பர் 9-ல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் கடைக்காரர் எதை விற்பார், வாங்குகிறவர் எதை நம்புவார்?

டிரீம்காஸ்ட் நல்ல பெட்டி. முதல் நாளிலேயே 9 கோடி டாலருக்கு மேல் வியாபாரம் செய்தது. ஆனால் அது அமெரிக்காவை எட்டுவதற்கு ஆறு மாதம் முன்பே, 1999 மார்ச்சில், பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்று சோனி அறிவித்துவிட்டது. காத்திருப்போம் என்று பலர் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டார்கள். விளையாட்டு கேம்களில் முதலிடத்திலிருந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி டிரீம்காஸ்ட்டுக்கு ஒரு கேம்கூடத் தரவில்லை. ஒரு கோடி விற்பதற்குள் டிரீம்காஸ்ட் உற்பத்தி நின்றது. சேகாவின் தலைவராக இருந்த இசாவோ ஒகாவா, கிட்டத்தட்ட 70 கோடி டாலர் மதிப்புள்ள தன் சொந்தப் பங்குகளைக் கம்பெனிக்கே எழுதிக்கொடுத்து அதைக் காப்பாற்றினார். 2001 மார்ச்சில் அவர் காலமானார்.

பொறுத்தார் பூமி ஆண்டார்

சோனி என்ன செய்தது? முதல் பிளேஸ்டேஷன் 1994-ல் வந்தது. இரண்டாவது 2000 மார்ச்சில். ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். இடைவெளியைவிட முக்கியம், புதியது வந்த பிறகு பழையதை சோனி நடத்திய விதம். அதே 2000-ல் முதல் பெட்டியைச் சிறிதாக்கி, பிஎஸ் ஒன் என்று பெயரிட்டு மீண்டும் கடைக்கு அனுப்பியது. 2006 வரை அதன் உற்பத்தி தொடர்ந்தது. பழைய கேம்களைப் புதிய பெட்டியிலும் போட்டு விளையாடலாம் என்ற வசதியும் இருந்தது. டிவிடி படமும் பார்க்கலாம். பழைய வாடிக்கையாளரை யாரும் கழற்றிவிடவில்லை. அவராகவே நேரம் வந்தபோது அடுத்த வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்.

இதே மரியாதை இரண்டாவது பெட்டிக்கும் கிடைத்தது. 2006-ல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதன் விலை 499, 599 டாலர். வாங்க முடியாதவர்களுக்கு பிளேஸ்டேஷன் 2 இருந்தது. 299 டாலரில் தொடங்கிய அது 2009-ல் 99 டாலருக்கு இறங்கியது. 2013 வரை தயாரிப்பில் இருந்து 16 கோடிக்கு மேல் விற்றது. மூன்றாவது பெட்டி தடுமாறிய ஆண்டுகளில் சோனியின் பெயரைக் கடைகளில் நிலைநிறுத்தியது இந்த மூத்த பிள்ளைதான்.

அந்தப் பொறுமையின் பலனை இந்தியாவும் பார்த்தது. மேலை நாடுகளில் ஆட்டம் முடிந்த பெட்டிகளுக்கு இங்கே இரண்டாவது ஆயுள் உண்டு. ஜப்பானில் 1983-ல் பிறந்து 1990-ல் வாரிசு கண்ட நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியை நகலெடுத்த டிவி கேம்கள்தான் 90-களில் நம் ஊர்க் கடைகளில் குவிந்தன. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான கேம் என்று ஆசை காட்டின. போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பன்னிரண்டு திரும்பத் திரும்ப வரும். ஒரு தலைமுறைக்கு மரியோவை அறிமுகப்படுத்தியவை அவைதான். நின்டெண்டோவுக்கு அதில் காலணா வரவில்லை என்பது வேறு கதை.

சோனி அந்தச் சந்தையை விட்டுவிடவில்லை. 2009-ல் ஹனுமான்: பாய் வாரியர் என்ற கேம் வெளிவந்தது. இந்தியாவுக்காக ஹைதராபாத்தில் தயாரான அது பிளேஸ்டேஷன் 2-க்கானது. அதாவது, வாரிசு வந்து மூன்று ஆண்டுகள் ஆன ஒரு பெட்டிக்கு. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் கிழவனாகிவிட்ட பெட்டி ஹைதராபாத்தில் இளைஞனாக இருந்தது. வாரிசு எப்போது என்ற கேள்விக்கு எல்லா நாட்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

அசந்த நேரம்

பிந்தியவர்களின் கதைக்கு நின்டெண்டோவின் வீ பெட்டி. டெலிவிஷன் முன் கையை வீசி டென்னிஸ் ஆடும் அந்த மாயம் 2006-ல் வந்தபோது பாட்டிகளும் விளையாடினார்கள். 2008-09 நிதியாண்டில் மட்டும் 2.59 கோடி பெட்டிகள் விற்றன. அடுத்த ஆண்டு 2.05 கோடி. அதற்கடுத்து 1.5 கோடி. 2011-12-ல் ஒரு கோடிக்கும் கீழே. விற்பனை சரியத் தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் வாரிசு வரவில்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் உலகம் மாறிவிட்டது. வீடுகளுக்குத் துல்லியமான ஹெச்.டி. டெலிவிஷன்கள் வந்துவிட்டன. அதில் வீயின் படம் மங்கலாகத் தெரிந்தது. வீயை வாங்கிய குடும்பங்கள் ஏற்கெனவே கேம் பைத்தியங்கள் அல்ல. அவர்கள் கைக்கு ஸ்மார்ட்போன் வந்ததும் பொழுதுபோக்கு அதற்கு மாறியது. கடைசி ஆண்டுகளில் வீக்கு வரும் புதிய கேம்களும் அருகிவிட்டன. 2012 நவம்பரில் வீ யு என்ற வாரிசு வந்தபோது வாசலில் வரவேற்க ஆளில்லை. பழைய பெட்டிக்கான உபரிக் கருவி என்றே பலர் அதை நினைத்தார்கள். வீ விற்றது 10 கோடிக்கு மேல். வீ யு 1.36 கோடியோடு நின்றது. கம்பெனியின் தலைவர் சடோரு இவாடா 2014-ல் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்கலாம். பிளேஸ்டேஷன் 2-க்கும் அதன் வாரிசுக்கும் இடைவெளி ஆறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். வீக்கும் அதன் வாரிசுக்கும் இடைவெளி சரியாக ஆறு ஆண்டுகள். ஒன்று வாரிசு வந்த பிறகும் ஆறாண்டு ஓடியது; மற்றொன்று வாரிசு வருவதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. ஐந்து ஆண்டா, ஆறு ஆண்டா, ஏழு ஆண்டா என்று காலண்டரைப் பார்த்து முடிவு செய்பவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. பார்க்க வேண்டியது, பழைய பெட்டிக்கு இன்னும் கேம் வருகிறதா, வாங்கியவர்கள் இன்னும் விளையாடுகிறார்களா என்பதை.

பின்தங்கியவனுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் 2001-ல் வந்தது. சோனிக்கு வெகு தூரம் பின்னால் ஓடி நஷ்டமும் தந்தது. அதனால் நான்கே ஆண்டில், 2005 நவம்பரில், எக்ஸ்பாக்ஸ் 360-ஐ இறக்கி சோனியை ஓராண்டு முந்தியது. சந்தையைப் பொறுத்தவரை அது புத்திசாலித்தனம். இழப்பதற்கு அறுவடை எதுவும் இல்லை. ஆனால் அவசரத்துக்குத் தண்டனை வேறு வழியில் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்து பெட்டிகள் செத்துப்போயின. 2007-ல் வாரண்டியை மூன்று ஆண்டுகளாக நீட்டி, பழுதுக்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. அதே 2005 தேதியை சோனி தேர்ந்தெடுத்திருந்தால் அது தற்கொலை.

சொல்லும் நாள், வரும் நாள்

வாரிசு வரும் தேதியைப் போலவே, அது வருகிறது என்று வாய் திறக்கும் தேதியும் முக்கியம். இதில் நின்டெண்டோ வீ யுவிடம் பட்ட சூட்டை மறக்கவில்லை. அந்தப் பெட்டி கடைக்கு வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, 2011 ஜூனில், காட்டப்பட்டுவிட்டது. அடுத்து 2017-ல் வந்த ஸ்விட்ச் பெட்டிக்கு வாரிசு எப்போது என்று உலகமே கேட்டபோது கம்பெனி பல ஆண்டுகள் வாயே திறக்கவில்லை. 2024 மே மாதத்தில்தான் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, அந்த நிதியாண்டுக்குள் அறிவிப்பு வரும் என்று ஒரு வரி சொன்னார். 2025 ஜனவரியில் பெட்டியைக் காட்டினார்கள். ஜூன் 5-ம் தேதி ஸ்விட்ச் 2 கடைக்கு வந்தது.

எட்டு ஆண்டு இடைவெளி நீளமானது. ஸ்விட்ச் விற்பனையும் 2020-21-ல் 2.88 கோடியாக இருந்து 2024-25-ல் 1.08 கோடிக்கு இறங்கியிருந்தது. வீயின் சரிவைப் போலவே தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசம்: இந்த முறை பழைய பெட்டி பட்டினி கிடக்கவில்லை. ஆறாண்டு வயதான ஸ்விட்சுக்கு 2023 மே மாதம் வந்த செல்டா கேம் மூன்றே நாளில் ஒரு கோடி விற்றது. விளையாடுகிறவர்கள் வீட்டில் இருந்தார்கள். பழைய கேம்களில் பெரும்பாலானவை புதிய பெட்டியில் ஓடும் என்ற உறுதியும் அவர்களுக்குக் கிடைத்தது. வெளிவந்த நான்கு நாளில் ஸ்விட்ச் 2 35 லட்சம் விற்றது. 2025 செப்டம்பர் முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டியது. வீ யு தன் வாழ்நாள் முழுவதும் எட்டியதில் முக்கால் பங்கை நான்கே மாதத்தில் எட்டிவிட்டது.

ஆனால் பழைய கணக்குகள் இனியும் செல்லுமா என்பது சந்தேகம். ஆண்டுகள் ஆக ஆகப் பெட்டி மலிவாகும் என்பதுதான் இந்தத் தொழிலின் ஆதாரமாக இருந்தது. 299 டாலர் பெட்டி 99 டாலரானது அப்படித்தான். இப்போது சில்லுகளின் விலை அந்த வேகத்தில் இறங்குவதில்லை. இறக்குமதி வரிகள் வேறு. 2020-ல் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-ன் விலையை 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 50 டாலர் ஏற்றியது சோனி. இந்தியாவில் 2021-ல் ரூ. 49,990-க்கு அறிமுகமான அதே பெட்டி, 2022 முடிவதற்குள் ரூ. 54,990 ஆகிவிட்டது. எட்டு வயதான முதல் ஸ்விட்சுக்கே 2025-ல் அமெரிக்காவில் விலை ஏறியது. வயதாக வயதாக விலை ஏறும் பெட்டியை ஏழை வீடுகளுக்குக் கொண்டுசேர்ப்பது எப்படி? பிளேஸ்டேஷன் 2-க்குக் கிடைத்த நீண்ட அந்திமக் காலம் இனி எந்தப் பெட்டிக்கும் கிடைக்காமல் போகலாம். இடைவெளிகள் நீளுவதற்கும் அதுவே காரணம். ஏற்கெனவே போதுமான அளவு அழகாக இருக்கும் படத்தை இன்னும் கொஞ்சம் அழகாக்க 500 டாலர் கொடுங்கள் என்று கேட்பது கடினமாகிவிட்டது.

இத்தனை கதைகளிலும் தேறும் விதி சுருக்கமானது. விற்பனை உச்சத்தைத் தாண்டி இறங்குவது இரண்டு தீபாவளி, இரண்டு கிறிஸ்துமஸ் கடந்தும் தெரிந்தால் வாரிசு தயாராக இருக்க வேண்டும். அதற்கான கேம்கள் பெட்டிக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். போட்டியாளரின் தேதியைப் பார்த்துத் தன் தேதியை மாற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதியது வந்த அன்றே பழையதைக் குப்பையில் போடக் கூடாது.

ஏனென்றால் ரூ. 50,000 கொடுத்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் தந்தை வாங்கிப் போவது பிளாஸ்டிக்கையும் சில்லையும் மட்டுமல்ல. இன்னும் நான்கைந்து ஆண்டுகளுக்கு அதில் போட்டு விளையாட ஏதாவது வந்துகொண்டிருக்கும் என்ற வாக்கையும்தான். அந்த வாக்கை ஒருமுறை மீறிய கம்பெனிக்கு அவர் அடுத்த முறை கடையில் நிற்கும்போது வேறு பெயரைச் சொல்கிறார். சேகாவின் சோனிக் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறான், நின்டெண்டோவின் பெட்டிகளிலும் சோனியின் பெட்டிகளிலும்.